ஸ்பீடு இருக்கு, ஆனா கேம் திக்குது

வில்லாபுரத்தில் இருக்கும் அக்காவிடமிருந்து போன மாதம் ஒரு போன். "தம்பி, இவன் ஒரு ரவுட்டர் கேக்குறான்டா. ஆறு ஆண்டெனா இருக்குமாம், பன்னிரண்டாயிரமாம். வாங்கலாமா வேணாமான்னு நீ வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போ." அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மாடியறையில் பிளேஸ்டேஷன் 5 வைத்து, ராத்திரி நண்பர்களோடு ஆன்லைனில் ஃபுட்பால் ஆடுவான். பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஆட்டக்காரன் காலைத் தூக்குகிறானாம். கோல் போஸ்ட் பக்கத்தில் போகும்போது சரியாகத் திரை உறைந்துவிடுகிறதாம். இதற்காக ஏற்கெனவே நெட் பிளானை 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 150-க்கு மாற்றியிருக்கிறார்கள். பில் ஏறியது, ஆட்டம் திக்கும் இந்த லேக் அப்படியே இருந்தது.

போனிலேயே அவனிடம் ஒன்று கேட்டேன்: "கேம் டவுன்லோடு எப்படி ஆகுது?"

"அது இப்பப் பறக்குது மாமா. ஆடும்போதுதான் திக்குது."

பாதி விஷயம் இந்தப் பதிலிலேயே இருக்கிறது. நெட் கம்பெனிகள் ஸ்பீடு என்று விற்பது ரோட்டின் அகலத்தை. ரோட்டை நாலு வழியாக்கினால் ஒரே நேரத்தில் நிறைய வண்டிகள் போகலாம். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குக் காலி ரோட்டில் போகும் ஒற்றை டூவீலருக்கு அதனால் என்ன லாபம்? அதே தூரம்தான், அதே சிக்னல்தான். ஆன்லைன் கேம் அந்த டூவீலர் மாதிரி. "இடது பக்கம் திரும்பினேன்", "பட்டனை அழுத்தினேன்" என்று சின்னச் சின்னத் தகவல்களை நொடிக்குப் பல முறை அனுப்பி வாங்கும், அவ்வளவுதான். பெரும்பாலான கேம்களுக்கு ஆடும் நேரத்தில் நொடிக்கு ஒரு மெகாபிட் கூடத் தேவைப்படாது.

கேமை இறக்குவது வேறு கதை. 100 ஜிபி உள்ள ஒரு கேம், 50 எம்பிபிஎஸ் லைனில் இறங்கக் கிட்டத்தட்ட நாலரை மணி நேரம் ஆகும். 150-ல் ஒன்றரை மணி நேரம். அக்கா கூடுதலாகக் கட்டும் காசு இங்கேதான் வேலை செய்கிறது. ஆட்டத்துக்குள் அல்ல.

ஆட்டத்தைத் தீர்மானிப்பவை மூன்று. ஒரு தகவல், கேமை நடத்தும் கம்பெனியின் கம்ப்யூட்டரான சர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். இதைத்தான் பிங் என்கிறோம், மில்லி செகண்டில் அளப்பார்கள். அந்த நேரம் முறைக்கு முறை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது ஜிட்டர். வழியிலேயே காணாமல் போகும் தகவல்கள் பாக்கெட் லாஸ். என்னைக் கேட்டால் இவற்றில் பிங்கைவிட ஜிட்டர்தான் ஆளைக் கொல்லும். பஸ் தினமும் பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் அதற்கேற்ப வீட்டிலிருந்து கிளம்பிவிடலாம். ஒரு நாள் சரியாக, ஒரு நாள் அரை மணி லேட்டாக என்று வந்தால் என்ன செய்வது? எப்போதும் 60 காட்டும் லைனில் கை பழகிக்கொள்ளும். 20-க்கும் 200-க்கும் நடுவே குதிக்கும் லைனில் யாராலும் ஆட முடியாது.

மும்பைக்குப் போய் வர எவ்வளவு நேரம்?

பிங்கை எந்த ரவுட்டராலும் பூஜ்யமாக்க முடியாது, தூரம் இருக்கிறதே. ஃபைபர் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இந்தியாவில் ஆடுகிறவர்களுக்குப் பல கேம்களின் சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். மதுரையிலிருந்து மும்பை நேர்கோட்டில் 1,100 கிலோமீட்டருக்கு மேல். போய் வர ஒளிக்கே 11, 12 மில்லி செகண்ட் ஆகிவிடும். சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். 30 மில்லி செகண்ட். இது வெறும் கணக்கு. நிஜத்தில் கேபிள் நேர்கோட்டில் ஓடுவதில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் வந்த கடலடிக் கேபிள் மட்டுமே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம். மதுரையிலிருந்து முதலில் சென்னைக்குப் போக வேண்டுமே, அது தனி. நடுவில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெட்டி வாங்கித் திருப்பி அனுப்பும். அக்கா வீட்டில் பிறகு அளந்தபோது மும்பை சர்வர் 36 காட்டியது. எனக்கு அது நல்ல எண்ணாகத்தான் பட்டது.

ஆகவே, கேமுக்குள் 'ரீஜியன்' அல்லது 'சர்வர்' என்று ஒரு இடம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். தெரியாமல் ஐரோப்பாவைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு ரவுட்டரைத் திட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு, டிஎன்எஸ் எண்ணை மாற்றினால் பிங் குறையும் என்று சொல்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். சர்வரின் முகவரியைத் தேடித் தருவதோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்துவிடும். ஆட்டம் ஓடும் வழியில் அது நிற்பதே இல்லை.

மாடியறையில் ஒரு சோதனை

அக்கா வீட்டுக்குப் போனதும் புது ரவுட்டர் பேச்சை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கட்டளை தட்டும் கருப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் (ping) என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் போதும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். இது மும்பைக்குப் போவதில்லை. நம் அறையிலிருந்து நம் வீட்டு ரவுட்டர் வரை போய்த் திரும்புகிறது, அவ்வளவே.

கீழே ஹாலில், ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினேன். 1, 2, 1, 1, 2. மாடிக்குப் போய், பிளேஸ்டேஷன் இருக்கும் மேசையிலேயே லேப்டாப்பை வைத்து மறுபடி தட்டினேன். 4, 3, 91, 6, 5, 240, அப்புறம் ஒரு 'டைம்டு அவுட்' (பதிலே வரவில்லை), மறுபடி 7. "பாத்தியாடா, உன் கோல் மும்பைக்குப் போகவே இல்ல. மாடிப்படியிலயே விழுந்து கிடக்கு" என்றேன்.

காரணம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. ரவுட்டர் டிவி ஷோகேஸுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கொலுப் பொம்மைகளுக்கு நடுவில். பக்கத்தில் இரும்பு பீரோ. மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். வைஃபை அலைக்கு இரும்பு பீரோ ஒரு சுவர் மாதிரி. கம்பி போட்ட தளமும் அலையை நன்றாக விழுங்கும். போதாததற்கு, அந்த மேசையிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு வைஃபைகள் பதினான்கு தெரிந்தன.

இங்கே இரண்டு அலைவரிசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டி ஓரளவு தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. தெருவே அந்த மூன்றில் அடைந்து கிடக்கும். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒரே மைக் வைத்திருக்கும் பட்டிமன்ற மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் 91 ஆகவும் 240 ஆகவும் தெரிந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், நெரிசலும் குறைவு. ஆனால் சுவரையும் தளத்தையும் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஸ்லிம், புரோ மாடல்களிலிருந்து 5-ம் வந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 5-ல் வைஃபை 6 இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் இரண்டும் வைஃபை 5. (இது அலைவரிசை அல்ல, வைஃபையின் தலைமுறை எண்.)

ஆறு ஆண்டெனா ரவுட்டரை அதே ஷோகேஸுக்குள் வைத்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்பதே என் கணிப்பு.

பதினெட்டு மீட்டர் கேபிள்

வைஃபையை எவ்வளவு சீர் செய்தாலும் ரவுட்டரிலிருந்து நேராக இழுக்கும் ஒரு லேன் கேபிளுக்கு ஈடாகாது. கேபிளுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே பேச முடியாது. ரவுட்டரிலிருந்து மாடியறைக்கு ஏசி பைப் போகும் ஓட்டை வழியாக அளந்தால் பதினெட்டு மீட்டர் வந்தது. கேட் 5இ என்ற தரத்துக் கேபிளே 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், தாங்கும். கேட் 6 கொஞ்சம்தான் விலை கூடுதல் என்பதால் அதையே வாங்கினோம். 'கேட் 8' என்று தங்க முலாம் பூசிய கனெக்டரோடு விற்பதற்கெல்லாம் வீட்டில் வேலை இல்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டியது வேறு: உள்ளே முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா? அலுமினியம் விலை மலிவு, வளைத்தால் சீக்கிரம் ஒடியும். பெட்டியில் சிசிஏ என்று போட்டிருந்தால் அது அலுமினியம்தான்.

ஒரு சின்னச் சிக்கல் வந்தது. கேபிள் முனையில் கனெக்டர் அடிக்க (கிரிம்ப்) வந்த தம்பி கை வேகமானவர். இரண்டு முனையிலும் கனெக்டரைப் போட்டு, விளக்கு எரிகிறது பாருங்கள் என்று காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை. லேன் கேபிளுக்குள் எட்டு ஒயர்கள், நாலு ஜோடி. கிகாபிட் போக எட்டும் வேண்டும். நாலு மட்டும் சேர்ந்தால் 100-லேயே நின்றுவிடும். கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலமும் பழுப்பும் முனை வரை போகவே இல்லை. வரிசை இதுதான்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. மறுபடி அடித்ததும் சரியாகிவிட்டது. ஆட்டத்துக்கு அந்த 94-ஏ தாராளம் என்பது வேறு விஷயம். ஆனால் 150-க்குக் காசு கட்டுகிறார்களே!

கேபிள் மாட்டியதும் அதே மேசையிலிருந்து பிங்: 1, 1, 1, 1, 1. அக்கா மகன் அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிவரை கீழே இறங்கவில்லை. ரவுட்டர் பழையதேதான். அக்காவுக்குத்தான், பூஜை அலமாரி ஓரமாகச் சாம்பல் நிறக் கேபிள் ஓடுவதில் வருத்தம்.

கேபிள் இழுக்கவே முடியாத வாடகை வீடாக இருந்தால், ரவுட்டரை ஷோகேஸிலிருந்து எடுத்து உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, கன்சோலை (பிளேஸ்டேஷன் மாதிரியான கேம் பெட்டியை) 5-ல் மட்டும் சேருங்கள். ஒரே பெயர் இருந்தால் கன்சோல் தானாக 2.4-க்குத் தாவிவிடும் ஆபத்து உண்டு. ரிப்பீட்டர் வாங்குவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர், வேகத்தைப் பாதியாக்கித் தாமதத்தைக் கூட்டும்.

எண்பது பரோட்டாவும் ஒரு கலக்கியும்

எங்கள் வீட்டில், ஆனையூர்ப் பக்கம், வேறு மாதிரிச் சிக்கல். கன்சோல் கேபிளில்தான் இருக்கிறது, தனியாக ஆடினால் பிங் 38. மகள் லேப்டாப்பில் ஏதாவது பெரிய அப்டேட் இறங்க ஆரம்பித்தால் 290-க்குப் போய்விடும். 50 எம்பிபிஎஸ் லைன்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பரோட்டாக் கடையில் நிற்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கலக்கி. முன்னால் நிற்பவர் எண்பது பரோட்டா பார்சல் சொல்லியிருக்கிறார். கல் பெரிய கல்தான், மாஸ்டரும் வேகமானவர்தான். ஆனாலும் எண்பதும் முடியும்வரை உங்களுக்குக் கலக்கி கிடைக்காது. இணைய லைனிலும் இதே வரிசை உண்டு. டவுன்லோடு லைனை முழுதாக நிரப்பும்போது, கேமின் சின்னத் தகவல் அதன் பின்னால் வரிசையில் நிற்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் பஃபர்புளோட் என்று பெயர்.

விவரமான மாஸ்டர் என்ன செய்வார்? கல்லின் ஒரு ஓரத்தில் உங்கள் கலக்கியை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார். பார்சல்காரருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ரவுட்டரில் இந்த வேலையைச் செய்வது எஸ்க்யூஎம், அல்லது க்யூஓஎஸ் என்ற அமைப்பு. இதில் பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. வரிசை எங்கே நிற்கிறதோ அங்கே இருப்பவரால்தான் அதை ஒழுங்குபடுத்த முடியும். லைன் முழுதாக நிரம்பினால் வரிசை நெட் கம்பெனியின் பெட்டியில் போய் நிற்கும். அங்கே நம் பேச்சு எடுபடாது. அதனால் நம் ரவுட்டரிலேயே வேகத்தை லைனைவிடக் கொஞ்சம் குறைத்து, 90 சதவீதம் போல வைக்க வேண்டும். அப்போது வரிசை நம் கைக்குள் வந்துவிடும். நான் 50-க்கு 45 என்று போட்டேன். அப்டேட் ஓடும்போதும் பிங் 42, 45 என்று நிற்கிறது. அப்டேட் கொஞ்சம் மெதுவாக முடிகிறது, மகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

போனிலிருந்து போட்டோ பேக்கப் ஏறுவது, கிளவுடுக்குப் படம் அனுப்பும் சிசிடிவி, இவையும் இதே வேலையைத்தான் செய்யும். ஏறும் பக்கத்தையும் (அப்லோடு) சேர்த்தே கட்டுப்படுத்துங்கள்.

காம்பவுண்டு வீடும் ஒற்றைக் கேட்டும்

"பிங் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஃபிரெண்டோட கேம் குரூப்ல (பார்ட்டி) சேர முடியல, பேசுறது கேக்கல" என்றால் அது லேக் இல்லை, நேட் என்ற விஷயம். நம்ம ஊர்க் காம்பவுண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எட்டுக் குடித்தனம், வெளியே ஒரே கேட், ஒரே கதவு எண். கேட்டில் வீட்டுக்கார அம்மா. உள்ளேயிருந்து யார் யாருக்குக் கடிதம் போட்டார்கள் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். பதில் வந்தால் சரியான வீட்டில் கொடுத்துவிடுவார். முன்பின் தெரியாதவர் வந்து நின்றால், "யாரு வேணும்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ரவுட்டர் அந்த அம்மாதான். உங்கள் கன்சோலைத் தேடி நேராக வரும் நண்பனின் கன்சோல், அந்தத் தெரியாத ஆள்.

இதற்குத்தான் ரவுட்டரில் யுபிஎன்பி என்று ஒரு வசதி. கன்சோலே முன்கூட்டிப் போய், "எனக்கு ஆள் வரும், உள்ளே விடுங்க" என்று சொல்லி வைத்துவிடும். அதை ஆன் செய்து, கன்சோலை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பிளேஸ்டேஷனில் நெட் டெஸ்ட் போட்டால் நேட் டைப் 2 என்று வந்தால் நலம், 3 வந்தால் சிக்கல். எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்டிரிக்ட் என்று காட்டும். யுபிஎன்பி பிடிக்காதவர்கள் கன்சோலுக்கு மாறாத உள்முகவரி கொடுத்து போர்ட் என்ற எண்ணிட்ட வாசலைக் கையால் திறக்கலாம். எக்ஸ்பாக்ஸுக்கு முக்கியமானது யுடிபி 3074 என்ற போர்ட். டிஎம்இசட்-டில் போடு என்று யாராவது சொன்னால், அது கேட்டை அந்த ஒரு வீட்டுக்காக மொத்தமாகத் திறந்துவிடுவது. நாளைக்கு அதே உள்முகவரி லேப்டாப்புக்குப் போனால் வம்பு.

சரி, இதெல்லாம் செய்தும் டைப் 3 என்றால்? தெருமுனையில் இன்னொரு கேட் இருக்கலாம். பழைய ஐபிவி4 என்ற இணைய முகவரி முறையில் மொத்த உலகத்துக்கும் சுமார் 429 கோடி முகவரிகள்தான். அது போதாமல் நெட் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே முகவரிக்குள் அடைக்கின்றன. பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து 'வேன் ஐபி' (வெளிமுகவரி) என்ற இடத்தைப் பாருங்கள். அந்த முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஆரம்பித்தால் நீங்கள் அந்தக் கேட்டுக்குள்தான் இருக்கிறீர்கள். எந்த ரவுட்டர் வாங்கியும் இது மாறாது. கம்பெனியிடம் நமக்கென்று தனி முகவரி, அதாவது பப்ளிக் ஐபி, கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

இன்னொரு கேட்டை நாமே வைத்துக்கொள்வதும் உண்டு. ஃபைபர் வந்து சேரும் கம்பெனியின் வெள்ளைப் பெட்டியே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் நாம் வாங்கியதையும் மாட்டினால் கேட்டுக்குள் கேட். ஒன்று, வெள்ளைப் பெட்டியை, லைனை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள். அல்லது நம்முடையதை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் வையுங்கள். இரண்டாவது வழியில் நம் எஸ்க்யூஎம் வேலை செய்யாது என்பதால் எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். அதற்கு முன், நம் ரவுட்டர் லைனில் சேரத் தேவையான பிபிபிஓஈ யூசர்நேம், பாஸ்வேர்டு, வீலேன் எண் மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பச்சை முனையுள்ள அந்த மெல்லிய ஒயரை மட்டும் மடக்க வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணாடி.

அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால்

வெள்ளைப் பெட்டியில் 2.4 மட்டும் இருந்தாலோ, எஸ்க்யூஎம் தேவைப்பட்டாலோ வாங்கலாம். முதலில் போர்ட்டைப் பாருங்கள். பெட்டியின் மேல் 'ஏசி1200' என்று பெரிதாகப் போட்டிருக்கும், அது 2.4-ன் 300-ஐயும் 5-ன் 867-ஐயும் கூட்டி, மேலே முழுமையாக்கிய எண். சிலவற்றில் பின்னால் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்பது பொடி எழுத்தில் இருக்கும். எல்லாப் போர்ட்டும் கிகாபிட், வைஃபை 6, டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு, வேகத்தைக் கையால் குறிக்கக்கூடிய க்யூஓஎஸ்: இவ்வளவு இருந்தால் போதும், மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். 'கேமிங்' என்று எழுதி சிவப்பு விளக்கு எரிவதற்குத் தனியாகக் கொடுக்கும் காசு விளக்குக்கு மட்டுமே. மாட்டியதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள் சாஃப்ட்வேரை) அப்டேட் செய்துவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து அக்கா மகனிடமிருந்து மறுபடி போன். கரண்ட் போய் வந்தால் மேட்ச் கட்டாகிறதாம். போய்ப் பார்த்தால், டிவியும் பிளேஸ்டேஷனும் இன்வெர்டர் லைனில். ரவுட்டர் மட்டும் நேராக ஈபி லைனில். பிளக்கை மாற்றினோம். அப்போதும் கரண்ட் மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து எழுந்தது. எழுந்து லைன் பிடிக்க இரண்டு நிமிஷம். இன்வெர்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச், ஈகோ என்ற பக்கம் இருந்தது. கரண்ட் மாறும் இடைவெளி குறைய, அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினேன்.